முறுக்கு எண்ணெய் குடித்தது, அடுப்பைக் கழற்றினேன்

தீபாவளிக்கு 12 நாள் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி அத்தையிடமிருந்து போன். "மாப்ள, முறுக்கு எண்ணெய் குடிக்குது. வர்றப்ப அந்த அடுப்பைக் கொஞ்சம் பாருங்க." மாவில் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று கேட்டேன். போனில் சத்தமே இல்லை. முப்பது வருஷமாக முறுக்கு சுடுகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று பிறகுதான் உறைத்தது.

அத்தை வீடு திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். தீபாவளி, பொங்கல், கல்யாணச் சீர் என்று ஆர்டர் எடுத்து முறுக்கு, அதிரசம், சீடை செய்து கொடுக்கிறார். முன்னால் விறகு அடுப்புதான். கண் எரிச்சல் தாங்கவில்லை. வீட்டு உபயோகத்துக்கென்று தருகிற 14.2 கிலோ கேஸ் சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது. கடைக்கான 19 கிலோ சிலிண்டர் எடுத்தால் முறுக்கில் கிடைக்கும் லாபம் அதற்கே போய்விடும். அதனால் போன வருஷம் ஒரு பெல்லட் அடுப்பு வாங்கினோம். மரத்தூளையும் கடலைத் தோலையும் அரைத்து, அழுத்தி, சுண்டுவிரல் தடிமனில் துண்டு துண்டாக வருமே, அதுதான் பெல்லட். முதல் மூட்டை வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பையன் அதை மாட்டுத் தீவனம் என்று நினைத்துக் கன்றுக்குட்டி முன்னால் ஒரு கை அள்ளிப் போட்டான். கன்றுக்குட்டிக்கு அவனைவிட விவரம் அதிகம், மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கிலோ கேஸ் தருகிற சூட்டைப் பெற ஏறக்குறைய 3 கிலோ பெல்லட் வேண்டும். அதுவும் நன்றாக எரிந்தால். எங்கள் பாடு அந்த 'நன்றாக' என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டது.

அடுப்பின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். வெளியே ஒரு தகர உருளை, உள்ளே இன்னொரு உருளை, இரண்டுக்கும் நடுவில் காற்று போக இடைவெளி. அடியில் சாம்பல் விழும் அறை, அதற்கு முன்பக்கம் ஒரு சின்னக் கதவு. சாம்பல் அறைக்கு மேலே வார்ப்பு இரும்பில் செய்த ஓட்டைத் தட்டு, அதன்மேல்தான் பெல்லட் கிடக்கும். பக்கவாட்டில் சரிந்த குழாய் வழியாகப் பெல்லட்டைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். பின்பக்கம் 12 வோல்ட் ப்ளோயர் ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ப்ளோயர் தள்ளுகிற காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு தட்டின் ஓட்டைகள் வழியாகக் கீழிருந்து ஏறிப் பெல்லட்டைச் சூடாக்கி அதிலிருந்து எரிகிற வாயுவைக் கிளப்புகிறது. மறு பங்கு மேல் விளிம்பில் வளையமாக இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வந்து அந்த வாயுவை எரிக்கிறது. அதாவது கீழ்க்காற்று சமைக்கிறது, மேல்காற்று பரிமாறுகிறது. கீழ்க்காற்று குறைந்தால் வாயு குறையும். வாயு இல்லாத இடத்தில் மேல்காற்று வந்து என்ன செய்யும், இருக்கிற தீயையும் குளிரவைத்து அலைக்கழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விளாங்குடியிலிருந்து பைக்கில் கிளம்பிப் போனேன். அதற்கு முன் நாலு நாள் விடாத மழை. கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் இருந்த அடுப்பை, சாரல் அடிக்கிறது என்று உள்ளே சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். முதல் வேலையாக அதைத் திரும்பக் கொட்டகைக்கு இழுத்துவந்தேன். நன்றாக எரிகிற அடுப்பையே மூடிய அறையில் வைக்கக் கூடாது. அரைகுறையாக எரிகிற அடுப்பு வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும். தலைவலி, கிறக்கம் என்று ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடும். சின்னம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலை பாரமாக இருக்கிறதாம், மழைக் குளிர் என்று நினைத்துச் சுக்குக் காபி போட்டுக் குடித்திருக்கிறார்.

பற்ற வைத்துப் பார்த்தேன். நல்ல நாளில் இந்த அடுப்பில் தீ மேல் வளையத்து ஓட்டைகளிலிருந்து பல்வரிசை மாதிரி உள்நோக்கிப் பாயும், பளீரென்ற மஞ்சளாக இருக்கும், லேசான இரைச்சலும் கேட்கும். இப்போது கருஞ்சிவப்பாக, நுனியில் கரி கட்டி, காற்றில் ஆடுகிற சேலைத் தலைப்பு மாதிரி ஒரு சோம்பேறித் தீ. எண்ணெய்ச் சட்டியை வைத்தால் அரைமணி நேரமாகியும் காயவில்லை. முறுக்கு வேகிற எண்ணெய் 170, 180 டிகிரியில் நிற்க வேண்டும். மாவு விழுந்ததும் சூடு இறங்கும், உடனே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மேல்தோல் இறுகுவதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும். அத்தை ஒரு முறுக்கை எடுத்து உடைத்துக் காட்டினார். விரலெல்லாம் எண்ணெய். "இதை எப்படி மாப்ள சீர்த்தட்டுல வைப்பாங்க?"

அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "முன்னாடி வேற சாம்பலா கொட்டிக்கிட்டே கெடக்கு, பெருக்கி மாளலை." நான் தலையை ஆட்டிவிட்டு மல்டிமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகப்பட்டது பெல்லட்டைத்தான். மழைக்காலம், புது மூட்டை. வழக்கமாக வாங்குகிற இடத்தில் சரக்கு இல்லை என்று வேறொரு வியாபாரியிடம் மலிவாக வாங்கியதாம். தெருமுனை டீக்கடை அண்ணனிடமும் இதே கம்பெனி அடுப்பு, இதே அளவு. அவரிடம் 5 கிலோ காய்ந்த பெல்லட் கடன் வாங்கிவந்து போட்டேன். துளிகூட மாற்றமில்லை. அதே சோம்பேறித் தீ. சரி, பெல்லட் காரணமில்லை என்று மனசுக்குள் அடித்துவிட்டேன். அந்த முடிவுதான் என்னை மூன்று நாள் சுற்றவிட்டது.

அடுத்தது ப்ளோயர். நான் கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் மோட்டார் பராமரிப்பு பார்க்கிறவன், அதனால் சுழல்கிற எதைப் பார்த்தாலும் அதன்மேல்தான் சந்தேகம் வரும். கழற்றினால் உள்ளே இருக்கிற இறக்கைச் சக்கரத்தில் அரிசி மாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வெல்வெட் துணி ஒட்டினாற்போல் ஒரு படலம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மோட்டார் பக்கம் ஈரம் போகாமல், ஒவ்வொரு இறக்கையாகத் தேய்த்தேன். பெட்ரோலில் கழுவலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அடுப்புக்குள் காற்று ஊதுகிற சாமானைப் பெட்ரோலில் கழுவச் சொல்கிறவர் பேச்சைக் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

பிறகு மின்சாரம். அடாப்டரைத் தனியாக அளந்தால் 12.1 வோல்ட், கச்சிதம். ப்ளோயரை மாட்டி ஓடவிட்டு அளந்தால் 9.4. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் படுத்துவிடுகிற அடாப்டர். பின்னைப் பார்த்தால் கறுத்து, லேசாக உருகியிருந்தது. தனியாக அளந்துவிட்டு நல்லா இருக்கு என்று வைத்துவிடுகிற தப்பை நானே பலமுறை செய்திருக்கிறேன், ஓடும்போது அளக்க வேண்டும். வோல்ட் குறைந்தால் வேகம் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும், காற்றழுத்தமோ வேகத்தின் வர்க்கமாகக் குறையும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனால் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். திருமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு எலக்ட்ரிகல் கடையில், சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் கிடைத்தது. மாட்டினேன். ஓடும்போது 11.9.

தீ கொஞ்சம் எழுந்தது. கொஞ்சம்தான். நான் வெற்றிச் சிரிப்போடு திரும்பினேன். அத்தை சட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இனி ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம் என்று கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபில் ஒன்றரை முழம் கேட்டு வாங்கினேன். யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பாதி ஊற்றினேன். சாம்பல் அறையின் பக்கத்தில் இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் டியூபின் ஒரு முனையைச் செருகி, சந்தில் ரப்பர் வைத்து அடைத்தேன். தீயில்லாமல், தட்டில் பெல்லட்டும் இல்லாமல், ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே இருக்கிற காற்றழுத்தம். பழைய அடாப்டரில் 5 மில்லிமீட்டரைத் தாண்டி 6-ஐத் தொடாமல் நின்றது. புதிதில் 9. மதியம் 2 மணிக்கு டீக்கடை அடுப்பு ஆறியிருந்தபோது அங்கேயும் போய் அளந்தேன். அங்கேயும் 9. அண்ணன் டீ போட்டுக் கொடுத்து, "அடுப்புக்குப் பிரஷரா? மாத்திரை ஏதும் போடணுமா?" என்றார்.

இரண்டும் 9. ஆக, காற்று சரி. பெல்லட்டும் சரி. ப்ளோயரும் சரி. ஆனால் அண்ணன் அடுப்பு உறுமுகிறது, எங்களுடையது மூச்சு வாங்குகிறது. பலகையும் டியூபுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு சின்ன விபத்து. தீ மந்தமாக இருக்கிறதே என்று குழாய் வழியாக இரண்டு கை பெல்லட்டைச் சேர்த்துக் கொட்டினேன். தீ அமுங்கி, கெட்டியான வெள்ளைப் புகை மட்டும் வந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று டார்ச்சோடு குனிந்தேன். பக். ஒரே வீச்சில் அத்தனை புகையும் பற்றிக்கொண்டது. முன்கை மயிரும் வலது புருவத்தில் பாதியும் போய்விட்டன. அந்த வெள்ளைப் புகை வெறும் புகையில்லை, எரியாமல் வெளியே வருகிற வாயுவும் தாரும்தான். கீழே ஒரு பொறி கிளம்பினால் போதும். வெள்ளைப் புகை வந்தால் மேலே குனியாதீர்கள், மேற்கொண்டு பெல்லட் போடாதீர்கள், ப்ளோயரை ஓடவிட்டுத் தள்ளி நின்று அது தானாகப் பற்றுகிற வரை பொறுங்கள். என் மனைவி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து மாலையில் மறுபடியும் போனேன். அத்தை கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அடுப்பு முன்னால் விசிறி மாதிரி விரிந்து கிடந்த மெல்லிய சாம்பல் கோடு அப்போதுதான் என் கண்ணில் பட்டது. சாம்பல் அறை மூடியிருக்கும்போது சாம்பல் ஏன் வெளியே வருகிறது? ஊதித் தள்ளினால்தானே வரும். சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் ஓரமாக நகர்த்தினேன். மேல் ஓரத்தில் புகை நேராக எழுந்தது, இடது ஓரத்திலும் அப்படியே. கீழ் வலது மூலைக்கு வந்ததும் புகை என் முகத்தைப் பார்த்துப் பாய்ந்தது. கதவைத் திறந்து பார்த்தால், காற்று ஒழுகாமலிருக்க ஓரத்தில் பதித்திருந்த கயிறு கருகி நொறுங்கி, ஒரு சாண் நீளத்துக்கு இல்லவே இல்லை.

கயிறு வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும். "அதுவரைக்கும் மண்ணை வச்சு மெழுகிட்டாப் போகுது" என்றார் அத்தை. சொல்லிக்கொண்டே தோட்டத்திலிருந்து ஒரு உருண்டை களிமண்ணை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கதவைச் சுற்றி விரலால் இழுத்துவிட்டார். மண் அடுப்பு போட்டுப் பழகிய கை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டியூபை மாட்டி ப்ளோயரைப் போட்டேன். 14 மில்லிமீட்டர்.

நல்ல செய்தி என்று நினைத்தேன். பற்றவைத்தால் தீ முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் டீக்கடைத் தீ இல்லை. அப்புறம்தான் இந்த 14 உறுத்த ஆரம்பித்தது. அதே ப்ளோயர், அதே அளவு அடுப்பு. அங்கே 9, இங்கே எதற்காக 14? அழுத்தம் கூடுதலாக இருப்பது காற்று நன்றாகப் போகிறது என்பதற்கு அடையாளமில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறத்தான் செய்யும், பாத்திக்குப் போகிற தண்ணீர் குறைந்துவிடும். இங்கேயும் எங்கேயோ விரல் வைத்து அடைத்திருக்கிறது. ஓட்டைகள் அடைபட்டதால் ஏறிய அழுத்தத்தைக் கதவின் ஒழுக்கு இறக்கிவிட்டு, இரண்டு கோளாறும் சேர்ந்து எனக்குச் சுத்தமான 9-ஐக் காட்டியிருக்கின்றன. டீக்கடை அளவோடு ஒத்துப்போகிறது என்று நான் நம்பிவிட்டேன்.

ஞாயிறன்றே தட்டைப் பார்த்திருந்தேன், மறைக்கவில்லை. மேலிருந்து டார்ச் அடித்தேன், ஓட்டைகள் தெரிந்தன, சரி என்று விட்டுவிட்டேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது தட்டைத் தூக்கி வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். மொத்தம் 37 ஓட்டை, ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 11 முழுசாக அடைத்துக் கிடந்தது. மற்றவற்றின் விளிம்பில் கண்ணாடி மாதிரி, கொல்லன் பட்டறைக் கிட்டம் மாதிரி, பச்சையும் கறுப்புமாக ஏதோ உருகி உறைந்திருந்தது. 6 மில்லிமீட்டர் டிரில் பிட் நுழையவில்லை. 5 நுழையவில்லை. 4 நுழைந்தது. 6-க்கு 4 என்றால் கேட்க அவ்வளவு மோசமாக இல்லை. பரப்பாகக் கணக்குப் போட்டால் 36-க்கு 16, பாதிகூட இல்லை. அதோடு 11 ஓட்டை சுத்தமாகக் காணோம்.

இந்தக் கிட்டம் சாம்பல் உருகி வருவது. சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் குறைவு, அது பொடியாகவே விழுந்துவிடும். பயிர்க் கழிவில் பொட்டாசியம் அதிகம். அதோடு மண்ணிலும் மணலிலும் உள்ள சிலிக்கா சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே இளகிப் பாகு மாதிரி ஆகி, குளிர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கடலைத் தோலை மண்ணைச் சலிக்காமல் அப்படியே அரைத்திருந்தால் இதுதான் கதி. சோதித்துவிடலாம் என்று பிறகு புது மூட்டையில் ஒரு கிலோவைத் தனியாக எரித்துச் சாம்பலை நிறுத்தேன், 90 கிராம். டீக்கடை அண்ணன் பெல்லட்டில் 30 கிராம்.

கிட்டத்தை எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. வார்ப்பு இரும்பு, சுத்தியலால் ஓங்கி அடித்தால் தட்டே இரண்டாகிவிடும். மொட்டையான டிரில் பிட்களை மிஷினில் மாட்டாமல், பழந்துணி சுற்றிக் கையாலேயே திருகினேன், முதலில் 4, அப்புறம் 5, கடைசியில் 6. சில ஓட்டைகளில் ஆணியை வைத்து லேசாகத் தட்டினால் கிட்டம் கற்கண்டு மாதிரி தெறித்து விழுந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பாதிப் புருவம் போனதோடு நிற்கட்டும். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எதுக்கு சார் நோண்டிக்கிட்டு, 8 எம்எம்ல ஓட்டையப் போட்டுத் தர்றேன், பிச்சுக்கிட்டு எரியும்" என்றார். மறுத்துவிட்டேன். கீழ்க்காற்றை இஷ்டத்துக்குக் கூட்டினால் வாயு அளவுக்கு மீறிக் கிளம்பும், மேல்காற்று அதை எரிக்கப் போதாமல் போகும், சட்டி அடியெல்லாம் கரி பிடிக்கும். தட்டும் கூடுதல் சூட்டில் சீக்கிரம் வளையும். செய்தவர்கள் ஏதோ கணக்குப் போட்டுத்தான் 6 வைத்திருப்பார்கள்.

மேல் வளையத்து ஓட்டைகளில் கிட்டம் இல்லை, பொங்கி வழிந்த எண்ணெயும் கரியும்தான். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றே போதுமாக இருந்தது. பத்து நிமிஷ வேலை.

செவ்வாயன்று வேலைக்குப் போகும் முன் சிம்மக்கல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் கயிறு வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. வேண்டாம் என்று சொல்லிக் கண்ணாடி இழைக் கயிறு கேட்டேன், இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அதுவும் தின்பண்டம் செய்கிற இடம். மாலையில் போய்க் கதவுப் பள்ளத்தில் இருந்த பழைய மிச்சத்தைச் சுரண்டி, கயிற்றை அழுத்திப் பதித்து, கொக்கியையும் கொஞ்சம் வளைத்து இறுக்கமாக மூடும்படி செய்தேன். களிமண்ணை உதிர்க்க மனசில்லை, ஆனால் தினமும் சாம்பல் அள்ளக் கதவைத் திறந்தாக வேண்டுமே.

ப்ளோயர் ஓடியது. ஒன்பதரை மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை 9-க்கும் இந்த ஒன்பதரைக்கும் டியூபில் அரை மில்லி வித்தியாசம். ஆனால் உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டிப் பார்த்தால் காற்று தள்ளுகிறது.

பெல்லட்டைப் போட்டுப் பற்றவைத்தேன். தீ எழுந்தது. உயரம் இருக்கிறது, இரைச்சல்கூட வருகிறது, ஆனால் புகை! வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிற புகை, நடுநடுவே தீ விட்டுவிட்டு அமுங்குகிறது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பழைய விறகடுப்பே தேவலை போலிருக்கே மாப்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடித்துவிட்ட அந்த வரி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. காய்ந்த பெல்லட் போட்டும் மாற்றமில்லை என்றுதானே பெல்லட்டை நல்லது என்று சொன்னேன். காற்றே போகாத அடுப்பில் காய்ந்ததைப் போட்டால் என்ன, நனைந்ததைப் போட்டால் என்ன, இரண்டும் ஒரே மாதிரிதான் அழும். டீக்கடைப் பெல்லட்டில் மிச்சம் இரண்டு கிலோ இருந்தது. கொட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் புகை நின்று, பல்வரிசைத் தீ வந்துவிட்டது. அத்தை மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார்.

மூட்டை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, சிமெண்டுத் தரையில், சுவரில் சாய்த்து. மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள், ஒரு சொட்டு மழை படவில்லை. ஆனால் தரை கீழிருந்து ஈரத்தை இழுத்திருக்கிறது. மூட்டைக்குள் கை விட்டால் மேலே உள்ளது பரவாயில்லை, அடி மூன்றில் ஒரு பங்கு விரலில் அமுக்கினாலே பிட்டு மாதிரி உதிர்ந்தது. நல்ல பெல்லட்டை ஒடித்தால் பலப்பம் ஒடிகிற மாதிரி 'டக்' என்று சத்தம் வரும், மேலே ஒரு மினுமினுப்பு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. டம்ளர் தண்ணீரில் போட்டால் நன்றாக அழுத்திய பெல்லட் மூழ்கும். இதில் மூட்டையின் மேல் பகுதியிலிருந்து எடுத்ததிலும் பாதி மிதந்தது, ஆக ஈரம் ஒரு பக்கம் இருக்க, அழுத்தமும் குறைச்சல்.

புதன்கிழமை நல்ல வெயில். அத்தையின் பலகாரத் தராசில் 200 கிராம் நிறுத்து, மொட்டைமாடியில் தட்டில் பரப்பி வைக்கச் சொன்னேன். சாயங்காலம் 176 இருந்தது. வெயில் மட்டுமே 24 கிராம் தண்ணீரை எடுத்திருக்கிறது, வெயிலுக்கு அசையாத ஈரம் உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கும். பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி போகும், அதைத் தீயின் பங்கிலிருந்துதான் எடுக்கும். சூடு போவதைவிட மோசம், தீ மூட்டத்தின் மேல் பகுதி குளிர்ந்துபோய் வாயு பற்றாமலே புகையாகப் போய்விடுவது.

மூட்டை முழுவதையும் மாடியில் பாய் விரித்துக் காயப்போட்டோம், வடகம் போடுவதுபோல. காக்கைகள் ஏமாந்து திரும்பின. காய்ந்ததை மணல் சலிக்கிற சல்லடையில் சலித்தபோது ஆறு கிலோவுக்கு மேல் தூளாகவே கழிந்தது. அந்தத் தூளைச் சேர்த்துப் போட்டால் துண்டுகளுக்கு நடுவில் காற்று போகிற சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும், இத்தனை பாடுபட்டுத் திறந்த ஓட்டைக்கு மேலேயே புதிதாக ஒரு மூடி. தூள் தென்னைக்குப் போயிற்று. மீதியை, கிட்டம் பயம் இருப்பதால், அண்ணனிடம் வாங்கிய நல்ல பெல்லட்டோடு சரிபாதி கலந்தோம். மூட்டைகள் இப்போது இரண்டு மரப்பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கின்றன.

வியாழக்கிழமை நான் போகவில்லை. ராத்திரி 8 மணிக்கு வீடியோ கால். அத்தை ஒன்றும் பேசாமல் போனை அடுப்புப் பக்கம் திருப்பினார். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் மஞ்சள் வளையம் சுற்றி நின்றது. மாவு கிள்ளிப் போட்டதும் மேலே வந்தது. அச்சைப் பிழிந்து ஈடு போட்டு, அரிகரண்டியால் திருப்பி, சலசலப்பு அடங்கியதும் எடுத்தார். நான் திருகைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே குறைத்துவிட்டார்.

இப்போது மாலை அடுப்பு ஆறியதும் சாம்பல் அள்ளுவது, வாரம் ஒருமுறை தட்டை எடுத்து 6 மில்லிமீட்டர் பிட்டை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறார். அந்தப் பிட்டை முறுக்கு அச்சுகளோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டிருக்கிறார், எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் முடியவில்லை. ப்ளோயரில் முழு வேகத்தில் ஒரு கிறீச் சத்தம் வருகிறது, பேரிங் போகப் போகிறது. பொங்கலுக்குள் மாற்ற வேண்டும்.

எண்ணெய் குடித்த முதல் இரண்டு நாள் முறுக்கை அத்தை வீணாக்கவில்லை. இரண்டு தூக்குவாளி நிறைய எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டீயோடு நான்தான் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.